காற்றை வடிகட்டிய தையற்காரி

அந்தப் பேச்சை மரால் இன்றும் வரி விடாமல் சொல்வாள். ஜூலை மாதக் கடைசி, முற்பகல் நேரம். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் பாதி அலமாரிகள் காலி. காய்ச்சல் மாத்திரை இல்லை, ரத்தக் கொதிப்பு மாத்திரை இல்லை, குழந்தைப் பால்மாவு இல்லை. உள்ளே வந்த ஸபேல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"வயித்துக்குப் போடுற கரி மாத்திரை இருக்கா?"

"இருக்கு, டிகின் ஸபேல். எத்தனை அட்டை?" 'டிகின்' என்பது ஆர்மேனிய மொழியில் 'அம்மா' என்று மரியாதையாக அழைப்பது.

"மொத்தம் எத்தனை வெச்சிருக்கே?"

மரால் இழுப்பறையைத் திறந்து எண்ணினாள். "இருபத்திரண்டு."

"அத்தனையும் எடு."

மரால் யாரையும் குடைந்து கேட்கிறவள் அல்ல. வருகிறவர்களின் நோயைக் கண்ணால் பார்ப்பாள், காதால் கேட்பாள், வாயால் பேச மாட்டாள். ஆனால் இருபத்திரண்டு அட்டை என்பது அவளையும் பேச வைத்தது.

"வீட்டுல யாருக்கு இவ்வளவு வயித்துக் கோளாறு?"

"யாருக்கும் இல்ல. காத்துக்கு."

"காத்துக்கா?"

"நம்ம ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல இருக்கே, அந்தக் காத்துக்குத்தான். அதுக்கு வயிறு கெட்டு ஒரு வருஷமாச்சு. எதிர் ஜன்னல்ல இருக்கிறவ நீ, உனக்குத் தெரியாதா?"

வரிசையில் நின்ற ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். "மனுஷங்களுக்கும் ரெண்டு அட்டை விட்டு வைங்கம்மா. இந்தக் கோடையில குடிக்கிற தண்ணிக்கு எப்ப வேணா தேவைப்படும்."

"தேவைப்பட்டா என் வீட்டுக்கு வா, என் உசுரே. ஒரு மாத்திரை தர்றேன், முழுங்கிட்டுப் போ" என்றார் ஸபேல். அவர் ஒருவரை 'என் உசுரே' என்று அழைத்தால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். அந்த ஆள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மரால் மெதுவாகச் சொன்னாள்: "காத்தை வடிகட்ட மாத்திரை சரிப்படாது, டிகின். அது வெறும் பொடி. விசிறி போட்டா மொத்தமும் பறந்து உங்க மூஞ்சியிலதான் அப்பும்."

"அப்ப எது சரிப்படும்?"

"குருணை குருணையா இருக்கணும். நீராவியில சுட்டு, உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல தொறந்த கரி. வாசனையைப் பிடிச்சு வெச்சுக்கிறது அந்த ஓட்டைங்கதான். சாதாரண கரிக்கு அது வராது."

ஸபேல் ஒரு கணம் யோசித்தார். "கரின்னா கரிதான்" என்றார். "கறுப்பா இருக்கும், தொட்டா கையில ஒட்டும். நீ படிச்சவ, சுத்தி வளைக்கிறே." கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போது இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். மரால் சொல்லவில்லை. அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்பிவிட்டாள்.

ஸபேலுக்கு ஐம்பத்தோரு வயது. ஆர்மேனியர் பேட்டையான போர்ஜ் ஹம்மூதில், கம்பிகள் வலை பின்னித் தொங்கும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் தையல் கடை. மணப்பெண் உடுப்பு, ஞானஸ்நான உடுப்பு, தேவாலயத்துப் பீடத்திரை எல்லாம் அவர் கைதான். கணவர் இறந்த பிறகு வீட்டையும் கடையையும் ஒன்றாக்கிக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகளாக இன்னொரு வேலையும் அவருடையதுதான். செப்டம்பரில் வரும் சிலுவைத் திருநாளுக்கு முதல் நாள், பெரிய சிலுவையை ரேஹான் கொத்துகளால் மூடிக் கட்டுவது. ரேஹான் என்பது திருநீற்றுப்பச்சிலையேதான். வெளியே வெள்ளி தெரியக் கூடாது, ஒரு இலை உதிரக் கூடாது, நூல் முடிச்சு கண்ணில் படக் கூடாது. அந்தச் சிலுவையைத் தூக்கி நான்கு திசைகளையும் ஆசீர்வதித்த பிறகு, பச்சிலைகளைப் பிரித்து ஆளுக்கொரு கொத்தாகக் கொடுப்பார்கள். அதை முத்தமிட்டு, முகர்ந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள்.

எப்போதும் அந்தப் பச்சிலை மலைக்கு அப்பால் ஆஞ்சரிலிருந்து வண்டியில் வரும். முந்தைய ஆண்டு வண்டி வரவில்லை. ஊரெல்லாம் பால்கனித் தொட்டிகளில் இருந்ததைச் சேகரித்தார்கள். பேட்டையில் பச்சிலைத் தொட்டி இல்லாத பால்கனி இல்லை, கீழே ஜெனரேட்டர் இல்லாத பால்கனியும் இல்லை. குருவானவர் ஆசீர்வதித்து முடித்தபோது அவருடைய வெள்ளைக் கையுறை சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்தியோடு இலையை முத்தமிட்ட கிழவிகள் எல்லோரும் மீசை முளைத்து வீட்டுக்குப் போனார்கள். வாசனையோ சுத்தமான டீசல்.

இந்த ஆண்டு பெட்ரோலுக்கு இரண்டு கிலோமீட்டர் வரிசை. ஆஞ்சர் வண்டி வராது என்பது ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. ஆலயக் குழுத் தலைவர் ஒன்னிக், துணி வியாபாரி, எதற்கும் வழி வைத்திருப்பவர். ஸபேலின் கடைக்கு வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஸபேல், உன் கையில இல்லாத வித்தையா? என் கடையில பச்சை சாட்டின் இருக்கு. இலை இலையா வெட்டித் தெச்சுடு. ஒரு தடவை செஞ்சா இருபது வருஷத்துக்குக் கவலையில்ல. தண்ணி ஊத்த வேணாம், வாடாது."

"வாசனை?"

"மேல கொஞ்சம் அத்தர் தெளிச்சுக்கலாம்."

"ஜனங்க கையில எதைக் குடுப்பீங்க? ஆளுக்கு ஒரு முழம் துணியா?"

"அப்ப நீயே வளர்த்துக் குடேன்" என்று சிரித்தார் ஒன்னிக்.

"குடுக்கிறேன்" என்றார் ஸபேல்.

சொன்ன பிறகுதான் எங்கே வளர்ப்பது என்று யோசித்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளும் மூன்று ஜெனரேட்டர்களின் புகைக் குழாய்களும். பால்கனியின் கதை ஊருக்கே தெரியும். மீதி இருந்தது, கடையின் மூலையில் மணப்பெண்கள் உடுப்பு மாற்றிப் பார்க்கும் சின்ன அறை. மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. அந்த ஆண்டு கல்யாணம் செய்கிறவர்கள் யாரும் இல்லாததால் அறை சும்மா கிடந்தது. பேட்டரியில் எரியும் விளக்குப் பட்டைகளைக் கூரையில் ஒட்டினார். ஒரு விளக்குக்குக் கண்ணாடி மூன்று விளக்கைத் திருப்பித் தந்தது. பாலாடைக்கட்டித் தகரங்களில் மண் நிரப்பி விதைத்தார். எழுபது தகரம். ஜூலையில் செடிகள் ஒரு சாண் உயரம் வந்து, கண்ணாடிக்குள் கண்ணாடியாக, ஒரு வயலே அந்த அறைக்குள் நின்றது.

புகையும் அந்த மாதத்தில்தான் அதிகமாயிற்று. அரசாங்க மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரமாகச் சுருங்க, வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் நெர்ஸெஸின் ஜெனரேட்டர் இருபது மணி நேரம் ஓடியது. அது இருந்த இடம், ஸபேல் வீட்டுக்கும் மரால் வீட்டுக்கும் நடுவே கிணறு போல இறங்கும் முற்றத்தின் அடி. புகைக் குழாய் முதல் மாடிக்கு மேலே வாய் திறந்திருந்தது. கண்ணாடி அறையின் ஒரே காற்றுத் துவாரம் அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான். மூடினால் செடி வேர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. திறந்தால் இலை சுருண்டு டீசல் மணக்கிறது.

ஸபேல் ஜன்னலில் நின்று கீழே குரல் கொடுத்தார்: "நெர்ஸெஸ், அந்தக் குழாயைக் கொஞ்சம் திருப்பி வையேன்."

நெர்ஸெஸ் முற்றத்தில் ஹூக்காவில் புகையிழுத்தபடி உட்கார்ந்திருந்தார். "எந்தப் பக்கம் திருப்ப, அக்கா? உன் பக்கம் இருந்தா நீ திட்டுவே, அந்தப் பக்கம் இருந்தா எதிர்வீட்டுக்காரங்க திட்டுவாங்க. வெளிச்சம் வேணும்னா புகையும் வேணும். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க."

"வெளிச்சத்தை நான் வளர்த்துக்கிறேன். புகையை நீயே வெச்சு வளர்த்துக்க."

"அப்ப கரி வாங்கி வடிகட்டிக்க. மீன் தொட்டிக்காரங்க தண்ணியை வடிகட்டுறாங்களே, அது மாதிரி." கேலிக்குத்தான் சொன்னார். அந்தக் கேலிதான் ஸபேலை மருந்துக் கடைக்கு அனுப்பியது.

மருந்துக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர் நேரே நெர்ஸெஸிடமே கரி கேட்டார். இந்தப் பேட்டையில் கரி என்றால் ஹூக்காக் கரிதான். சமையலுக்குக் கரி வாங்கிய காலத்தை யாருக்கும் நினைவில்லை. ஹூக்காக் கரி இல்லாத வீடு கிடையாது. அதிலும் வட்ட வட்டமாக, ஒரு தீக்குச்சி காட்டினால் சீறிப் பிடித்துக்கொள்ளும் வகை. நெர்ஸெஸ் ஒரு பெட்டி நிறையத் தூக்கிக் கொடுத்தார். "எடுத்துக்க அக்கா, புகைக்குப் பரிகாரம்."

ஸபேல் அதை உடைத்து, இரண்டு கம்பி வலை உருளைகளுக்கு நடுவே அடைத்தார். சின்ன உருளை பெரியதற்கு உள்ளே, நடுவில் மூன்று விரல் இடைவெளி, அதில் கரி. மேல்மூடி ஒரு தகரத் தட்டு. கீழே இன்னொரு தட்டில் வட்டமாக ஓட்டை வெட்டி, பழைய கார் ஒன்றின், பேட்டரியில் ஓடிக் காற்றை ஊதும் ஏசி ப்ளோயரைப் பொருத்தினார். வெளிக்காற்று கரியைத் தாண்டி உள் உருளைக்கு வந்து, அங்கிருந்து அறைக்குள் போக வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. உடுப்புக்கு உள்துணி வைப்பது போல என்று நினைத்துக்கொண்டார். தூசைத் தடுக்க மேலே நைலான் காலுறை ஒன்றை மாட்டி, துவாரத்துக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டார்.

ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் சாயங்காலம் மரால் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அரசாங்க மின்சாரம் நின்று வீட்டு விளக்குகள் அணைந்து, ஜெனரேட்டர் இருமி, சுமை ஏறியது. குழாயிலிருந்து வழக்கம்போல நாலைந்து தீப்பொறிகள் மேலே பறந்தன. ஒன்று காலுறையில் ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிடம் எதிர்ச் சுவரில் தொங்கிய உருளை சீற ஆரம்பித்தது. எரியவில்லை, சீறியது. ஈஸ்டர் மத்தாப்பு போல வெள்ளைப் பொறி நாலாபக்கமும் தெறித்தது. அந்தக் கரியைச் சீக்கிரம் பிடிக்க வைப்பதற்காக வெடியுப்பு கலந்திருப்பார்கள். அது மராலுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று கடையில் சொல்லவில்லை.

"டிகின், ப்ளோயரை நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

ஸபேல் நிறுத்தவில்லை. தையல் கத்திரியை எடுத்துக் கயிற்றை வெட்டினார். உருளை கிணற்றுக்குள் விழுந்து நெர்ஸெஸ் துவைக்கப் போர்வை ஊறப்போட்டிருந்த தொட்டியில் போய் அணைந்தது. ஆனால் அதற்குள் ப்ளோயர் அந்தப் புகையையெல்லாம் இழுத்து அறைக்குள் ஊதிவிட்டிருந்தது. கண்ணாடிகள் மூன்றும் கறுத்துவிட்டன. எழுபது தகரத்தில் பிழைத்தவை பத்தொன்பது.

மறுநாள் காலை சந்து முழுக்க இதே பேச்சு. "ஸபேல் அக்கா இந்த வருஷம் திருநாளுக்கு முன்னாடியே மத்தாப்பு கொளுத்திட்டாங்க" என்றார் நெர்ஸெஸ். ஒன்னிக் சிரிக்கவில்லை. சுருட்டிய பச்சை சாட்டினைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்து, தையல் மேசை மேல் வைத்தார். பதினைந்து கஜம்.

"திருநாளுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு, ஸபேல். கோவில்ல வெறும் சிலுவையைத் தூக்க முடியாது."

"வெச்சுட்டுப் போங்க."

"தெச்சிடுவேல்ல?"

"தெப்பேன்" என்றார் ஸபேல். எதைத் தைப்பார் என்று சொல்லவில்லை.

அன்று மதியம் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு மரால் எதிர்வீட்டுக்குப் போனாள். பல ஆண்டு எதிரெதிர் ஜன்னலில் இருந்தும் அந்த வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. ஸபேல் அறையின் கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கரியில வெடியுப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மரால். "ஹூக்காக் கரியைத்தான் தேடிப் போவீங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்னு நினைக்கிறியா? கரின்னா கரிதான்னு சொன்னவ நான்." துணியைப் பிழிந்தார். "ஓட்டை இருக்கிற கரி எங்கே கிடைக்கும்?"

"நெர்ஸெஸ் அண்ணன் சொன்னாரே, மீன் தொட்டிக்காரங்ககிட்ட."

"அவன் வாயில உண்மையும் வருமா?"

வளர்ப்பு மீன் விற்கும் யெகியா கடையையே மூடிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாமல் மீன் செத்து, வாங்கவும் ஆள் இல்லாமல், மீதியிருந்தது கூண்டுக் குருவிகள் மட்டும். மஞ்சள் கேனரிகள் புகை பட்டுப் பழுப்பாகியிருந்தன. பின்கட்டில் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று பிரிக்காமல் கிடந்தது. தேங்காய் ஓட்டுக் கரி, பயறு அளவு குருணை.

"இதை வாங்க இனி ஒரு மீனும் வராது" என்றார் யெகியா. "உனக்கு எதுக்கு, ஸபேல்? தொட்டி வெக்கப் போறியா?"

"அறையைத் தொட்டியா மாத்தப் போறேன். என்ன வேணும் சொல்லு."

யெகியா குருவிகளைப் பார்த்தார். "இதுங்களுக்கு உறை தெச்சுக் குடு. புகை புகாத மாதிரி. பதினோரு கூண்டு."

பதினோரு உறையையும் ஸபேல் ஒரே நாளில் தைத்தார். பிறகு மூட்டை வந்தது. மரால் குளியலறையில் உட்கார்ந்து கரியைச் சல்லடையில் போட்டு, கறுப்புத் தண்ணீர் தெளியும் வரை ஒன்பது முறை அலசினாள். மாடியில் பழைய படுதாவில் இரண்டு நாள் காயவைத்தார்கள். அந்தக் கரியை ஒரு பிடி எடுத்துத் தீக்குச்சி காட்டிப் பார்த்த பிறகுதான் ஸபேலுக்கு நம்பிக்கை வந்தது. குச்சிதான் அணைந்தது. "நல்ல பொண்ணு" என்று கரியைப் பார்த்துச் சொன்னார்.

இந்த முறை உருளை வெளியே தொங்கவில்லை. அறைக்கு உள்ளே, சுவரில் திருகி வைத்தார். துவாரத்துக்கும் உருளைக்கும் நடுவே குழாய் வேண்டும். தகரம் வளைக்க ஆள் இல்லை. ஸபேல் ஒன்னிக்கின் சாட்டினை விரித்தார். நெருக்கமான நெசவு, வழவழப்பு, காற்று எளிதில் கசியாது. இரண்டு மடிப்பாக வைத்து, மெழுகு தடவிய நூலால், மணப்பெண் கவுனின் இடுப்புத் தையல் போட்டு ஒரு குழாய் தைத்தார். தலைப்பில் நாடா கோத்து இறுக்கினார். துவாரத்தில் தீப்பொறி வராமல் இரட்டைக் கம்பி வலை. தூசு கரியின் ஓட்டைகளை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக உருளைக்கு மேல் நாலு பஞ்சுச் சட்டை. அதற்கு வெளியே, குழாய்க்குப் போக மீதியிருந்த சாட்டினால் பை போல மூடினார். கரி குலுங்கி ஒரு பக்கம் சரிந்தால் காற்று அந்த இடைவெளியில் தப்பித்து வந்துவிடும் என்று, தலையணைக்குப் பஞ்சு அடைப்பது போலத் தட்டித் தட்டி அடைத்தார்.

ப்ளோயரைப் போட்டார்கள். ஸபேல் அறைக் கதவை மூடி, அடியில் இருந்த இடுக்குக்கு நேரே ஒரு வெள்ளை நூலைப் பிடித்தார். நூல் ஆடி, மெல்ல வெளிப்பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது.

"பார்த்தியா? அறை வெளியே மூச்சு விடுது" என்றார். "உள்ள காத்து நெருக்கமா இருக்கு. எந்த இடுக்கு வழியா போனாலும் வெளியேதான் போகும். திருட்டுத்தனமா புகை நுழைய வழியே இல்ல."

மரால் அறைக்குள் போய் முகர்ந்தாள். டீசல் இல்லை. அழுக்குத் துணி வாடை இல்லை. மண்ணும் தண்ணீரும் மட்டும் மணந்தன. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பேட்டையில் எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு வாசனையும் இல்லாத காற்றை அவள் மூச்சிழுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"போதும், செடிக்கும் கொஞ்சம் வெச்சுட்டு வா" என்றார் ஸபேல்.

பத்தொன்பது செடியை நூறாக்குவது மீதி வேலை. நுனிகளை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் ரேஹான் ஒரு வாரத்தில் வேர் விடும். மருந்துக் கடையில் சேர்ந்திருந்த பழுப்பு நிற இருமல் மருந்துப் புட்டிகளை மரால் கழுவிக் கொண்டுவந்தாள். வேருக்கு இருட்டு பிடிக்கும். தையல் மேசை, இஸ்திரி மேசை, ஜன்னல் விளிம்பு, எல்லா இடத்திலும் புட்டி. வேர் விட்டதை மண்ணுக்கு மாற்றி, அதன் நுனியை மறுபடி வெட்டிப் புட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்னிக் ஒருமுறை படியடியிலிருந்து குரல் கொடுத்தார்:

"ஸபேல், சாட்டின் என்னாச்சு?"

"வேலை செய்யுது" என்றார் ஸபேல்.

"எவ்வளவு ஆயிருக்கு?"

"நிறுத்தாம நடக்குது. காலையில பார்த்தாலும் நடக்குது, ராத்திரி பார்த்தாலும் நடக்குது."

ஒன்னிக் மனநிறைவோடு போனார்.

இருபத்து நான்காம் நாள் மரால் கதவைத் திறந்ததும் நின்றாள். மெல்லிய டீசல் வாடை. ஸபேலுக்குத் தெரியவில்லை. அவர் மூக்கு அந்த அறைக்குப் பழகிவிட்டது. "கரி நிறைஞ்சுடுச்சு" என்றாள் மரால். "ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சு. இன்னிக்கே மாத்தணும்." அடித்துச் சொன்னாள். மூட்டையில் பாதி மீதமிருந்தது. ஸபேல் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நாடாவை அவிழ்த்தார்.

திருநாளுக்கு முதல் நாள் இருவரும் நூற்றுப் பன்னிரண்டு தகரத்துச் செடிகளை அறுத்தார்கள். ஈரத்துணியில் சுற்றி, ஒரு மணப்பெண் உடுப்புப் பெட்டியில் அடுக்கி ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸபேல் கதவைத் தாழிட்டுக்கொண்டு சிலுவையைக் கட்டினார். யாரையும் உள்ளே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மின்சாரம் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சம்தான். சிலுவையைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பச்சை மட்டுமே தெரிந்தது. முன் வரிசையில் நின்ற ஒன்னிக் பெருமையோடு பக்கத்தில் இருந்தவரிடம், "என் சாட்டின்" என்று கிசுகிசுத்தார். ஊர்வலம் அவரைக் கடந்தபோது கை நீட்டித் தையலைத் தடவிப் பார்த்தார். இலை விரலில் நசுங்கியது. வாசனை அவர் முகத்தில் அடித்தது.

விரலைப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு மூன்றாவது வரிசையில் நின்ற ஸபேலைத் திரும்பிப் பார்த்தார். ஸபேல் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான்கு திசைகளையும் ஆசீர்வதித்து முடிப்பதற்குள் வாசனை கடைசி பெஞ்சு வரை போய்விட்டது. கொத்துகளைக் கொடுக்கத் தொடங்கியதும் ஆட்கள் முத்தமிடத் தயங்கினார்கள், போன வருட மீசை நினைவில். முதல் கிழவி முத்தமிட்டுக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துப் பார்த்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள். குருவானவரும் தன் கையுறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டதை மரால் பார்த்தாள்.

வெளியே முற்றத்தில் ஒன்னிக் வந்து நின்றார். "அப்ப என் சாட்டின்?"

ஸபேல் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் இன்னும் பச்சை. மறுபக்கம் தார் பூசியது போலக் கறுப்பு. "இந்தாங்க, உங்க இலை."

"இதென்ன அழுக்கு?"

"நாலு வாரத்துல நம்ம எல்லார் நெஞ்சுக்குள்ளயும் போனது" என்றாள் மரால். அவள் வாய் திறந்து பேசிய வியப்பில் ஒன்னிக் சாட்டின் போன வருத்தத்தைக்கூட மறந்துவிட்டார். அதை மடிக்காமல், கையில் விரித்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோனார். வழியில் எல்லோருக்கும் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

அன்று சாயங்காலமே நெர்ஸெஸ் படியேறி வந்தார். காதில் ஒரு ரேஹான் கொத்து செருகியிருந்தது. வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, என் பொண்ணுக்குப் பொறந்த குழந்தைக்கு ராத்திரியானா மூச்சு இழுக்குது. அந்தச் சமாச்சாரம் ஒண்ணு, சின்னதா…"

"வெளிச்சமும் புகையும் ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு சொன்னே?"

"சொன்னேன்."

"உன் பேரக் குழந்தைக்கு முதல்ல செஞ்சு தர்றேன். நாளைக்குக் குழாயை மொட்டை மாடி வரைக்கும் உசத்தி வை. மேல பொறி தடுக்கிற வலையும் போடு."

குழாய் மறுநாளே உயர்ந்தது. அந்த வாரத்துக்குள் ஸபேலின் படிக்கட்டில் வரிசை நின்றது. ஆஸ்துமாக்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள், மூன்றாம் மாடி சிரியாக் குடும்பம், கேனரிக்காக யெகியா. பீடத்திரை தைத்த மேசையில் இப்போது கம்பி வலை வெட்டினார் ஸபேல். முற்றத்துக் கம்பத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு செய்முறைப் பலகை மாட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

மரால் கடையிலிருந்து வந்து, ஜன்னலைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலில் ஸபேல் தோன்றினார். வாயில் நாலு குண்டூசி.

"மரால், உனக்குக் கையெழுத்து நல்லா வரும். ரெண்டு பாஷையும் தெரியும். இதைச் செய்யற விதத்தை எழுதிக் குடு, பலகையில ஒட்டணும். ஆர்மேனியன்ல ஒண்ணு, அரபியில ஒண்ணு. வலை எத்தனை விரல், கரியை எத்தனை தடவை அலசணும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும், எல்லாம்."

"எழுதுறேன், டிகின்."

ஸபேல் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். "ஆனா எல்லாத்துக்கும் மேல, முதல் வரியில, பெரிய எழுத்துல, ஸபேல் ஹூக்காக் கரி போட்டு வீட்டைக் கொளுத்தப் பார்த்தா, நீங்க போடாதீங்கன்னு எழுது. என் பேரை விட்டுடாதே."